ஆறாவது வாரம்

பிர்னோவில், நாலாம் மாடியில்,
டிராம் ஓட்டும் ஸ்திஸ்லாவா
வாளித் தண்ணீரில் உப்பைக் கரைக்கிறாள்.
முப்பத்தைந்து. மறுபடி அளக்கிறாள்.
முப்பத்தைந்தேதான்.

ஸ்கிம்மர் பழசு, பாதி விலை, இரைகிறது.
விளக்குக்கு மட்டும் பேரம் பேசவில்லை.

கடையில் ஊதா அக்ரோபோரா முன் நின்றபோது
ரொட்டியை மென்றபடியே ராதிம் சொன்னான்:
“விற்க மாட்டேன்.
உங்க தொட்டிக்கு இன்னும் வயசு பத்தாது.”

ஐந்து வாரம் வெறும் பாறை.
என்ன வளர்க்கிறாய் என்றான் கணவன்.
பாசி, என்றாள்.
பழுப்பு போய்ப் பச்சை வந்திருந்தது.

பிறகு ஒரு ஸோவா, விரல்நுனியளவு,
பசையில் கோணலாக ஒட்டியது.
நாளெல்லாம் முறுக்கிக்கொண்டு
மூடியே கிடந்தது.

மறுநாள் மதியப் பணிக்கு
பூட்ஸ் மாட்டுகையில் திரும்பினாள்:
ஒரு வாய் திறந்திருந்தது.

ஒன்பதாம் எண் டிராம் நான்கு நிமிடம் தாமதம்.
காரணம்: தண்டவாளத்தில் பனி,
என்று எழுதிவைத்தாள்.