இதர

மாதம் ஒன்பது டாலர்.
வீட்டுக்கு அனுப்பும் கணக்கில்
அதை இதர என்று எழுதுகிறேன்.
வாடகை, சாப்பாடு, போன், இதர.
அண்ணன் ஒருமுறை கேட்டான்:
மாசாமாசம் ஒரே தொகையா வருதே,
அது என்ன இதர?
சோப்பு, சீப்பு என்றேன்.
பொய் சொன்ன நாக்கில்
ஒரு ஜப்பானியப் பெண்ணின் பல்லவி
ஒட்டிக்கொண்டிருந்தது.

ஃபுஜைராவில், டயர் கடைக்கு மேல் மூன்றாம் மாடி.
பகலில் எண்ணெய்க் கிடங்கின் ஆய்வகம்.
கப்பல் எரிபொருளைச் சூடேற்றி
எந்தச் சூட்டில் பற்றுகிறது என்று
சின்னச் சுடர் காட்டிப் பார்க்கும் வேலை.
இரவு பதினொன்றுக்கு மேல்
நான் ஒரு வானொலி நிலையம்.

அறைத்தோழி மரிவிக்குக்குக்
காலை ஐந்துக்கு மருத்துவமனை வண்டி.
அவள் விழிக்கக் கூடாதென்று
மைக்கோடு போர்வைக்குள் நுழைந்து பேசுகிறேன்.
ஏசியை நிறுத்தினால் வேர்த்து வழியும்.
போட்டால் அதுவும் ஒலிபரப்பாகும்.
ஆகஸ்ட் முழுக்க என் நேயர்கள்
ஏசியையும் சேர்த்துத்தான் கேட்டார்கள்.

நேயர்கள் என்றால் ஏழு பேர்.
திரையின் மூலையில் ஓர் எண், அவ்வளவுதான்.
சில நாள் நான்கு. ஒருமுறை பத்தொன்பது,
அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை.
எப்போதும் அதில் ஒன்று நான்தான்,
பாட்டு போகிறதா என்று
என் போனில் நானே கேட்பது.

ஜப்பானிய மொழி தெரியாது.
எழுத்து அட்டவணையை முதலில் பார்த்தபோது
சிரித்துவிட்டேன்:
அ இ உ எ ஒ
க கி கு கெ கொ.
நெடிலை மட்டும் யாரோ
மடித்து உள்ளே வைத்துவிட்ட நம் அரிச்சுவடி.
அன்றிலிருந்து பாட்டுப் பெயர்களைத்
தமிழில்தான் எழுதி வைக்கிறேன்.
அநேகமாக எல்லாச் சொல்லும்
உயிரில் போய் முடிகிறது,
கதவைச் சாத்தாமல் போகிறவர்கள் மாதிரி.
பொருள்?
செயலியில் போட்டால்
ரயிலடியில் குடை நான் அல்ல என்கிறது.
எனக்கு அது போதும்.

செப்டம்பரில் எட்டாவது ஆள் வந்தார்.
நான் தூங்கிய பிறகு பாட்டு தானாக ஓடும்.
காலையில் பதிவைப் பார்ப்பேன்:
நாலு பத்துக்கு வருகை, ஐந்தரைக்குப் போக்கு.
தினமும்.
ஊர் என்ற இடத்தில் செயற்கைக்கோள் இணைப்பு.
பன்னிரண்டு-நாலு காவல் முடித்து
இறங்கி வரும் யாரோ ஒரு மாலுமி.

மொட்டைமாடியில் நின்று பார்த்தேன்.
நங்கூரமிட்ட கப்பல்கள்,
கடலே தெரியாத அளவுக்கு விளக்குகள்.
எந்த விளக்கு?

அந்த வாரம் மேசைக்கு வந்த பாட்டில்களில்
மாரு என்று முடியும் பெயர் ஒன்றே ஒன்று.
அதை இரண்டு முறை சோதித்தேன், தேவையில்லாமல்.
எழுபத்தொரு டிகிரி. தண்ணீர் அளவுக்குள்.
அவர் அந்தக் கப்பலே இல்லாமலும் இருக்கலாம்.
ஜப்பானியரே இல்லாமலும் இருக்கலாம்,
தூத்துக்குடிப் பையனாகவே இருக்கலாம்.

வியாழன் இரவு விழித்திருந்தேன்.
நாலு பத்து. ஏழு எட்டானது.
போர்வைக்குள், வாய் உலர,
தமிழில் சொன்னேன்:
நீங்க யாருன்னு தெரியல.
உங்க எண்ணெய் நல்ல எண்ணெய்.
பயப்படாம போங்க.
பிறகு அந்தக் குடைப் பாட்டைப் போட்டேன்.
இரண்டு தடவை.

வெள்ளி: ஏழு.
சனி: ஏழு.
கட்டிலில் திரும்பிப் படுத்த மரிவிக் கேட்டாள்,
யாருடனடி பேசுகிறாய் ராத்திரியில்?
அவள் என்னைக் காதலில் விழுந்தவள் என்றே
இன்னும் நம்புகிறாள். மறுக்கவில்லை.

இந்த மாதம் சர்வர் வாடகை
பதினொரு டாலராகிவிட்டது.
சோப்பு விலை ஏறிடுச்சு,
அண்ணனுக்கு எழுதினேன்.