நூறு வீதம்

விடியப்புறம் மூன்று பத்து.
குருநகர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் பின்னறை.
சுவருக்கு அந்தப்பக்கம் ஐஸ் உடைக்கிற மெசின்
பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது.
உப்பீரம் ஏறாமல் இரண்டு மீன்பெட்டிக்கு மேல்
நான் ஏற்றி வைத்த சேர்வர்.

டிஸ்க்கில் இடமில்லை என்றது.
தராசு பில் அடிக்க மறுத்தது.
ஐந்து மணிக்குப் படகுகள் வரும்.

செய்ததை மறைக்கப்போவதில்லை:
கண்ணில் பட்ட பெரிய கோப்பை
பெயரைக்கூட வாசிக்காமல்
ஆர்எம் அடித்து, என்டர் தட்டி,
பிளேன்ரீயை வாயில் வைத்த பிறகுதான்
பெயர் தொண்டையில் சிக்கியது.
நிறைக்கணக்கு.
இருபத்திரண்டு நாள், நாற்பத்தேழு படகு,
விநாடிக்கு விநாடி தராசு சொன்னதெல்லாம்.
கறுப்புத்திரையில் குப்பைத்தொட்டி கிடையாது.
நிச்சயந்தானா என்று கேட்காது.
கேட்காததற்காகவே இதை விரும்பி வந்தவன் நான்.

நகல் இருந்தது.
இரவு ஒரு மணிக்கு எடு என்று
கிரோனில் எழுதியதும் இதே கைதான்.
நகல் வைக்கிற டிஸ்க் எப்போதோ நிறைந்துவிட,
பத்தொன்பது கோப்புகள்,
ஒழுங்காகத் திகதியிட்டு,
பூச்சியம் பைட்டில்.

டிஎஃப் அடித்தேன். நூறு வீதம்.
அவ்வளவு பெரியதை அழித்தும் நூறு வீதம்.
டியூ கொண்டு அறை அறையாக எண்ணினால்
அறுபத்தொன்றுதான் வருகிறது.
இரண்டு கணக்குக்கும் நடுவில்
ஏதோ ஒன்று
பெயரில்லாமல் இடம்பிடித்திருக்கிறது.

எல்எஸ்ஓஎஃப்.
தராசுப் புரோகிராம், எண் 2291,
நாலாவது கையில் ஒரு கோப்பு.
பக்கத்தில் ஒரு சொல்: அழிக்கப்பட்டது.
நான் அழித்தது அடைவில் இருந்த பெயரைத்தான்.
திறந்து வைத்திருப்பது மூடும்வரை
உள்ளது உள்ளபடி கிடக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கறண்ட் போனது.
ஐஸ் மெசின் வாயை மூடிக்கொள்ள
யூபிஎஸ் அணில்போலக் கத்தத் தொடங்கியது.
பதினொரு நிமிடம் தாங்கும், அதுவும் போன வருசக் கணக்கு.
அது செத்தால் 2291 சாகும்,
பிடியும் போகும்.

பென்டிரைவ் கேட்டேன், பில் எழுதும் அன்ரனீற்றாவிடம்.
தங்கச்சியின் கலியாணப் படங்கள் இருந்தன.
"மாப்பிள்ளை பகுதியை அழியுங்கோ, பரவாயில்லை."
ஆறு ஜிபி.
நாலுக்கு மேல் ஒரே கோப்பாய் விழுங்காத பென்டிரைவ்.
ஜிசிப்பிடம் கொடுத்து மென்று ஊட்டினேன்,
புரொக் அடைவு, 2291, நாலாம் எண் வாசல் வழியாக.

"அழிச்சதெண்டு போட்டிருக்கு.
பிறகு என்னத்தைப் படியெடுக்கிறியள்?"
"ஒருத்தர் இன்னும் விடாமல் பிடிச்சுக்கொண்டிருக்கிறார்."

எல்எஸ் அடித்தேன். முந்நூற்றுப் பத்து எம்பி.
யூபிஎஸ் கத்துகிற இடைவெளி குறுகிற்று.

"எங்கட பங்கீட்டு அட்டையில ஒரு பேர் வெட்டினது,"
அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
"அம்மா இன்னும் அஞ்சு பேருக்குத்தான் அரிசி போடுறவ."

நான் எல்எஸ் அடித்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
திரும்பவும் அடித்தேன்.

மூன்று நாற்பத்தொன்றுக்குக் கறண்ட் வந்தபோது
ஒன்பதாவது நிமிடம்.
சுருக்கியதைச் சோதித்தேன், கடைசி வரிவரை முழுசு.
சேர்வருக்குள் சுருக்கியபடியே வைக்கலாம்,
இடம் வந்ததும்.
இனி 2291ஐ நிறுத்தவேண்டும்.
கில் அடித்துவிட்டு
என்டருக்கு மேல் விரலைக் கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.
அன்ரனீற்றா பில்கட்டை எடுக்க எழுந்து போனாள்.

டிஎஃப்: அறுபத்தொன்று.
இரண்டு கணக்கும் சரி.

படகுகள் வந்தன. தராசு பேசியது.
சுவரில் மார்க்கரால் எழுதினேன்: முதலில் எல்எஸ், பிறகு ஆர்எம்.
யாருக்கும் விளங்கவில்லை.
ஒரு சம்மாட்டி, நடந்தது எதுவும் தெரியாமல்,
ஒரு பை சூடை மீன் தந்தார்.
வெள்ளிக்கிழமை. நான் மச்சம் தொடுவதில்லை.
சொல்லாமல் வாங்கி
சைக்கிள் கைபிடியில் கொழுவினேன்.