எறும்பளவு மேடு

அவெய்ரோ. நவம்பர். உப்பளங்களின் மேல் மழை.
யொலாண்டா சியாப்ரா
கருந்துளைக்கு வெகு தொலைவில்
சமன்பாட்டில் ஒரு மேடு வைத்தாள்:
உயரம், பத்து லட்சத்தில் ஒன்று.

எறும்பு ஊரக் கல் தேய யுகமாகும்.
இங்கே ஒரே எறும்பு.
அதிர்வெண்கள்
கல்லடி பட்ட கூட்டின் குளவிகளாய்
எங்கெங்கோ.

பிழை என்றாள்.
நூறு தசமம். இருநூறு.
காப்பி ஆடை கட்டியது. குளவிகள் திரும்பவில்லை.
ஆனால் ஒன்றுகூடக் கிடைக்கோட்டைத் தாண்டி
மேலே ஏறவில்லை.
எங்கே போனாலும் அடங்கவே போயின.

மூன்று மணிக்கு
இரண்டு துளைகளையும் தட்டிப் பார்த்தாள்,
மேடு இல்லாததை, உள்ளதை.
கறுப்புக் கோட்டின் மேல் சிவப்புக் கோடு
பிசிறில்லாமல் படுத்தது.

பக்கத்து மேசையில் தலையைத் தூக்கி பல்தசார் கேட்டான்:
"அப்போ எதைத்தான் நம்புவது,
எண்ணையா, ஒலியையா?"

அவள் பேசவில்லை.
வரைபடத்தின் வால்முனையை
பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள்.

ஒலி செத்து வெகுநேரம் கழித்து
ஒரு சின்ன முனகல்.
எப்போதோ கிளம்பிய அலை
அந்த மேட்டில் கால் இடறி
இப்போதுதான் திரும்பி வருகிறது.

கைக்கடிகாரத்தைப் பார்த்து
நேரத்தைக் குறித்துக்கொண்டாள்,
வந்தவர்க்குக் கதவு திறப்பவள்போல.