இரண்டாவது அம்மா

கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
பிரமிளா ரீச்சர் சிவப்பால் எழுதியிருந்தா:
கபிஷன் இன்றைக்கும் கடித்துவிட்டான்.
பெற்றோர் வந்து சந்திக்கவும்.
இந்தத் தவணையில் இது நாலாவது.

பெற்றோரில் ஒருவர்
கட்டாரில் ஏசி பூட்டுகிறார்.
மற்றவர் பாலையூற்றில்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

அந்தச் சுவரை எனக்கு நன்றாகத் தெரியும்.
மாரிக்கு ஊறிய இடம்,
ஆணி கழன்ற ஓட்டை,
பல்லி முட்டை ஒட்டியிருக்கும் மூலை.

ரீச்சர் கடிபட்ட பிள்ளையின் கையைக் காட்டினா.
பிறை போலச் சிவந்த தடம்,
நடுவில் ஓர் இடைவெளி.
"முன்பல் எப்ப விழுந்தது?"
அக்கறையாகத்தான் கேட்டா.
நான் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
என் மகனின் வாயை
இன்னொருத்தியின் மகன் கையில் பார்த்து
அறிந்துகொள்கிறேன்.

கொழுப்பு என்கிறா மாமி.
கண்ணூறு என்று நூல் கட்டிவிட்டா பக்கத்து வீட்டு அக்கா,
எனக்கல்ல, அவனுக்கு.
கவலையா என்று கேட்கிறார்கள்.
கவலை என்றால் அழலாமே.
இது, அடுப்பில் சோறு கொதிப்பதும்
நெருப்பைக் குறைக்க வேண்டும் என்பதும் தெரியும்,
தெரிந்துகொண்டே
அடிப்பிடித்த மணம் வரும்வரை கிடப்பது.

முதலில் மெல்லக் கூப்பிடுவான்: அம்மா.
பிறகு சத்தமாய்: அம்மா.
பிறகு கட்டில் காலை உதைப்பான்.
ஒருநாள் கிளாஸ் ஒன்றைத் தூக்கி நிலத்தில் அடித்தான்.
நான் எழும்பினேன்.
அவ்வளவுதான், பாடம் அன்றைக்கே முடிந்தது.
உடைத்தால் அம்மா வருவா.
ஏழு வயது வேறு என்னத்தைக் கண்டுபிடிக்கும்?

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டொக்டர்
தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடிக் கேட்டா.
நித்திரை எப்படி. பசி எப்படி.
செத்தால் நல்லம் என்று நினைச்சதா.
நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.
அவ பேனையை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தா.
வெளியே இலக்கம் கூப்பிட்டார்கள், கதவைத் தட்டினார்கள்,
அப்போதும் காத்திருந்தா.

பிறகு என் கிளினிக் கொப்பியில்
மகனின் பெயரையும் எழுதினா.
ஏன் என்றேன்.
"குளிசை உங்களுக்கு.
கொஞ்சம் அவருக்கும் போகும்."

திரும்பும் வழியில் டச்பேயில் மான்கள்.
யாரோ எறிந்த சோத்துப் பாசலைக் கிழித்து
லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டு நின்றது ஒரு பெண்மான்.
குட்டி அதன் வயிற்றில் முட்டியது.
முட்டியது.
இன்னொருக்கா முட்டியது.
தாய் திரும்பவில்லை.

கபிஷன் கல்லொன்று பொறுக்கிக் கையை ஓங்கினான்.
தடுக்க என்னிடம் சத்தம் இருக்கவில்லை.
ஓங்கின கையோடேயே கேட்டான்:
"அதுக்கும் வருத்தமா அம்மா?"
ஓம் என்றேன்.
"குட்டி குழப்படி செய்ததாலயா?"

இல்லை.
இல்லை என்று கத்தினேன்.
கச்சான் விற்கிற ஆள் திரும்பிப் பார்த்தார்,
மான்கள் நாலைந்து பாய்ந்து விலகின.
ஒரு வருடமாக எனக்குள்ளே எங்கே கிடந்ததோ
அந்தச் சத்தம்.
அவன் கல்லைக் களிசான் பைக்குள் போட்டுக்கொண்டான்.
எறியவில்லை. விட்டுவிடவும் இல்லை.

குளிசை தொடங்கிப் பத்தொன்பது நாள்.
வாய் காய்கிறது, கை நடுங்குகிறது.
செவ்வாய்க்கிழமையும் கொப்பியில் சிவப்பு.
வெள்ளிக்கிழமை அழைப்பில் அவர் கேட்டார்,
"பெடியனை ஏன் உன்னால அடக்கேலாமக் கிடக்கு?"
நான் சொல்லத் தொடங்க
சிக்னல் போய்விட்டது, அல்லது அவர் போனார்.

இன்று பின்னேரம்
இரண்டாவது அம்மாவுக்கே எழும்பிவிட்டேன்.
அவன் பயந்துபோனான்.
கையில் கிளாஸ்,
தோள் உயரத்தில்.

என்ன என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தான்.
"ஒண்டுமில்லை,
தண்ணி" என்றான்.