இருபத்தெட்டு நாள்

கல்லல் மருந்தகப் பதிவேடு, நாற்பத்தோராம் பக்கம்.
எருமை ஒன்று. வயது ஏழு. மடிவீக்கம்.
உரிமையாளர் அடைக்கி.
கணவர் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.
காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்கம்,
கடைசி நான்கு 7706.
ஊசி போட்டது நான்.
அட்டையில் எழுதியதும் நான்:
பால் ஏழு நாள் கூடாது,
இறைச்சி இருபத்தெட்டு நாள் கூடாது.

அடைக்கி அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.
"ஏந்தாயி, இருவத்தெட்டு நாளு
வட்டிக்காரனுக்கும் ஒரு ஊசி போட்டுப்
படுக்க வைக்கக் கூடாதா?"
சிரித்தாள்.
நானும் சிரித்துவிட்டேன்.

ஆறாம் நாள் சாத்தையா வந்தார்.
துண்டுக்கடியில் விரல்கள் பேசின.
பல்லுக்கு ஒரு விரல், கொம்புக்கு ஒரு விரல்,
வற்றிய மடிக்குக் கழிவாக இரண்டு.
ஊசிக்கென்று ஒரு விரல்
அந்தக் கணக்கில் கிடையாது.
நான் அன்று கோமாரி முகாமில்
எண்பது மாடுகளின் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.
சாயங்காலம் போனபோது
முளைக்குச்சி இருந்தது,
சுற்றிலும் பாதி தின்ற வைக்கோல்.

மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன்.
பொருள்: எருமை.
பார்வை:
அந்த இடத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல்
அப்படியே அனுப்பினேன்.
பதில் இல்லை.
கணினியில் 7706 இன்றும் உயிரோடிருக்கிறது.
அடுத்த தடுப்பூசி புரட்டாசியில் என்கிறது.

கிள்ளான் துறைமுகத்தில்
குளிர்கிடங்கில் வேலை தம்பி சூசைராஜுக்கு.
மைனஸ் பதினெட்டில் மூக்கு மட்டும் வெளியே தெரிய
ஒரு படம் அனுப்பினான்.
பக்கத்தில் அட்டைப்பெட்டி.
"அக்கா, நம்ம ஊரு!"
எலும்பு நீக்கிய எருமை இறைச்சி, இருபது கிலோ.
ஆலை எண் உண்டு, ஹலால் முத்திரை உண்டு,
வெட்டிய தேதி, கெடும் தேதி.
பிறந்த நாடு: இந்தியா.

விரலால் விரித்துப் பெரிதாக்கினேன்
எழுத்து புள்ளிபுள்ளியாக உதிரும் வரை.
வெட்டிய தேதி, சாத்தையா வந்ததற்கு நான்காம் நாள்.
அது சாட்சியாகாது, எனக்குத் தெரியும்.
அன்று எத்தனை ஊரில் எத்தனை துண்டுக்கடியில்
எத்தனை விரல்கள்.
ஒரு பெட்டிக்குள் எத்தனை எருமை என்பது
பெட்டிக்கே தெரியாது.
ஆனாலும்
நூற்றுநாற்பது கோடிப் பேருக்கும்
ஒரே கதவிலக்கம் போட்டால்
தபால்காரன் எந்த வீட்டைத் தட்டுவான்?

இதைச் சொன்னால் சூசை சிரிக்கிறான்.
அவன் தெருமுனைக் கடையில்
இந்தப் பெட்டியை உடைத்துத்தான்
'அசல் செட்டிநாடு வறுவல்' போடுகிறார்களாம்.
மிளகு வியட்நாம், பட்டை சுமத்ரா,
மாஸ்டர் மியான்மர்க்காரர்.
"பேரு மட்டும் நம்மது அக்கா.
அதுக்குக் கஸ்டம்ஸ்ல யாரும் சான்று கேக்குறதில்ல."

எங்கள் காலனியில் ஞாயிறு காலை
செபஸ்தியான் அண்ணன் வேப்பமரத்தடியில் வெட்டுவார்.
பூவரச இலைதான், லேபிள் இல்லை.
ஆனால் மாடு யாருடையது,
ஏன் விற்றார்கள், ஆஸ்பத்திரிச் செலவா கல்யாணமா
எல்லாம் வரிசையில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.
நான் இதுவரை கேட்காததைப் போன வாரம் கேட்டேன்:
"ஊசி கீசி போட்ட மாடா, அண்ணே?"

கத்தி நின்றது.
வரிசையும் பேச்சை நிறுத்தியது.
அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்,
கோபமில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்.
"நீங்கதானம்மா போடுறது.
எங்கிட்டக் கேக்குறீங்க?"

கையில் தூக்குவாளி.
பின்னால் யாரோ
சீக்கிரம் ஆகட்டும், பூசைக்கு மணியடிச்சாச்சு என்றார்கள்.
அரைக் கிலோ என்றேனா
வேண்டாம் என்றேனா,
வாளி மட்டும் நீண்டது.