வலது பின்பாக்கெட்

மபுட்சோவில் ஜூன் மாதம் குளிர்காலம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்னாப்பிரிக்கா, இந்தப் பக்கம்
போர்வையைத் தோளில் ஊக்கால் குத்திக்கொண்டு
ஆறு மணிக்கே கேட்டில் நிற்கும் நாங்கள்.
ஏழாவது வரிசை. ஜீன்ஸின் பின்பக்கம்.
நான் இடது பாக்கெட். லிபுசெங் வலது.
நாளைக்குத் தொள்ளாயிரம்.
கடல் தாண்டி யாரோ போட்டுக்கொண்டு
அதன்மேல் உட்காருவார்கள்.

வரிசைக்கு மேலாள் செக்கோன்யானா.
மூன்று மாத ஒப்பந்தத்தை நீட்டுவது அவர் பேனா.
இரண்டு பேர் தாராளமாகப் போகிற வழியில்
அவர் மட்டும் உரசித்தான் போவார்.

போன மார்ச்சில் கழிவறைக் கதவின் உள்பக்கம்
ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள், செசோத்தோவில்.
புகார் சொல்லலாம். பெயர் வெளியே வராது.
விசாரிப்பவர் கம்பெனி ஆள் இல்லை.
சொன்னவரையோ சாட்சியையோ வேலையைவிட்டு நீக்கக் கூடாது.
அங்கேயே உட்கார்ந்து படித்தோம்,
வேறெங்கே எங்களுக்குப் படிக்க நேரம்?
கீழே இருந்த போன் நம்பரை ஒருத்தி நகத்தால் சுரண்டினாள்.
இன்னொருத்தி புருவப் பென்சிலால் திரும்ப எழுதினாள்.

லிபுசெங் அந்த நம்பரைக் கூப்பிட்டது
எனக்குத் தெரிந்தபோது வரிசைக்கே தெரிந்திருந்தது.
ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா என்றாள்
பெல்ட் லூப் தைக்கிறவள்.
எல்லா மொழியிலும் இதற்கொன்று வைத்திருப்பார்கள் போல.
பதினோரு வருடமாக நூல் கோக்கிறேன்.
எந்த ஊசியையும் நான் கேட்டதில்லை.
நுனியைப் பல்லால் கடித்து,
ஊசியை இறுக்கிப் பிடித்து,
கோத்துவிடுகிறேன்.

இரும்புக்கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் விசாரணை.
வக்கீல் மாலேஷ்வானேவுக்கு இருமல்.
ஹீட்டரில் ஒரு கம்பிதான் சிவந்திருந்தது.
எந்த இடத்தில் என்று கேட்டார்,
மன்னித்துக்கொள், சரியாக எழுதியாக வேண்டும்.
லிபுசெங் பையிலிருந்து ஒரு ஜீன்ஸை எடுத்து
மேசைமேல் கவிழ்த்துப் போட்டாள்.
கழித்துவிட்ட பீஸ், ஒரு கால் நீளம்.
மேல்தையலுக்குக் கீழே ஒன்றரை அங்குலம்.
இங்கே தொடங்கி இந்த மூலை வரை.
நான் தைக்கிற இடம் அம்மா, அளவு தெரியும்.

எத்தனை முறை?

ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் தினமும்.
மற்ற மாதங்களில் எண்ணவில்லை.

பிறகு என்னைப் பார்த்தார்.
வரும்போதே ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன்:
என் கண் ஊசியில் இருந்தது.
பொய்யில்லை. கண் எடுத்தால் விரல் போகும்.
முப்பதாம் தேதியோடு என் ஒப்பந்தமும் போகும்.
கதவில் ஒட்டிய வரியை நினைத்தேன்.
சாட்சியை நீக்கக் கூடாது.
காகிதம்தான். ஈரத்தில் ஒரு மூலை சுருண்டுவிட்டது.
ஆனால் தைக்கிறவளுக்குத் தெரியும்,
முதல் தையல் தானாக நிற்காது,
பின்னால் போய் அதன்மேலேயே
இன்னொரு முறை ஓட்ட வேண்டும்.

இடது கை, என்றேன்.
மோதிரம் போட்ட கை.
ஒருநாள் அது அவள் ஸ்வெட்டரில் சிக்கி
ஓர் இழையை இழுத்துக்கொண்டு போனது.
நான்தான் கத்தரித்துவிட்டேன்.
அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும்
ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நாற்பத்தொரு நாள் ஆயிற்று.
செக்கோன்யானா போய்விட்டார்.
அவர் தங்கை ஒன்பதாவது வரிசை,
இப்போதெல்லாம் மதியம் என்னோடு சாப்பிடுவதில்லை.
லிபுசெங் சலவைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
அந்த ஸ்டூலில் உட்கார முடியவில்லையாம்.
அதற்கு அறிவிப்பில் வரி எதுவும் இல்லை.
என் ஒப்பந்தம் வந்தது. இன்னும் மூன்று மாதம்.
தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வலது பாக்கெட்டுக்குப் புதிதாக ஒருத்தி.
நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.
யாராவது பின்னால் நடந்தால்
ஸ்டூலை முன்னுக்கு இழுத்துக்கொள்கிறாள்.
நானும்தான்.
புது மேலாள் ஒரு பெண்.