கடைமடை

வடரங்கத்துப் போர் மோட்டாரில்
நாற்பது நிமிடம் நின்றால்
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
வழியில் ரெண்டு குடம் ஒழுகும்.
மீதியைக் கடலோரம் கொண்டுபோய்
நீச்சல்குளத்தில் ஊற்றுவேன்.
அவர்கள் போட்ட போர் உப்பு.
நீல டைல்ஸுக்குக் கொள்ளிடம்தான் ஒத்துவருகிறதாம்.

முன்பு இங்கே சொர்க்கம் ஒன்றும் இல்லை.
அப்படிச் சொல்லிக்கொண்டு காரில் வந்து இறங்குகிறவர்கள் உண்டு.
நான் பார்த்தது இறால் குட்டை.
ராத்திரியெல்லாம் காற்றடிக்கும் மெஷின் சத்தம்,
நோய் விழுந்த வருஷம்
முதலாளி போட்டுவிட்டு ஓடிய கறுப்புத் தார்ப்பாய்,
மூக்கைப் பொத்தினாலும் நாக்கில் ஏறும் நாற்றம்.
அப்போதும் இரவுக் காவல் தனபாலன்தான்.
அதே டார்ச்.
சட்டை மட்டும் வேறு, நெஞ்சில் ஆமைப் படம்.

"பின்கேட்டு, பின்கேட்டு" என்று டார்ச்சை ஆட்டுவார்.
முன்கேட்டில் ஈரத் துண்டு தருகிறார்கள்,
முகம் துடைக்க.

குப்பத்துப் படகுகளைத் தெற்கே தள்ளியாகிவிட்டது.
மூன்று மட்டும் இருக்கலாம், போட்டோவுக்கு.
அவற்றில் வலை காயப்போடக் கூடாது.

போன வாரம்
தொப்பி போட்ட அம்மா ஒருத்தி
காவிரி கடலில் சேரும் இடம் எதுவென்று கேட்டாள்.
குளத்தில் கிடந்த ஹோஸைக் காட்டினேன்.
சிரித்தாள்.
ஹோஸையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

ஆடிப் பதினெட்டு.
தண்ணீர் கல்லணை தாண்டி
எங்கேயோ வந்துகொண்டிருப்பதாக டீக்கடை டிவி சொன்னது.
சவுக்குத்தோப்பு வளைவில் பிரேக் போட்டேன்.
ரோட்டை அடைத்துப் பெண்கள்.
தாம்பாளத்தில் காதோலை, கருகமணி, காப்பரிசி,
வெயிலில் தோல் சுருங்கிய நாகப்பழம்.
முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது.
அங்கே போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள்.

"தொறங்க" என்றாள் மலர்க்கொடி.
மீன்கூடையோடு என் லாரியில் ஓசியில் ஏறி
சீர்காழி போகிறவள்.
"ரிசார்ட் தண்ணி."
"காவேரிதானே?"

கொள்ளிடம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வால்வைத் திறந்தேன்.

மஞ்சள் பூசினார்கள் அதற்கு.
கைப்பிடியில் கயிறு கட்டப் போனவளை நான் அதட்ட,
மட்கார்டில் கட்டினாள்.
முகத்தில் அடித்துக்கொண்டார்கள், குடத்தில் பிடித்தார்கள்,
ஒரு பையன் சக்கரம் கழன்ற சப்பரத்தை
ஈரத்தில் இழுத்துப் போனான்.
தண்ணீர் தார் விளிம்பில் இறங்கி
நாலடி ஓடியது.
அப்புறம் மணல்.

பின்கேட்டில்
ஸ்டோர் ரியாஸ் டேங்கில் கம்பு விட்டுப் பார்த்தான்.
வால்வையும் பார்த்தான்.
"அரையடி குறையுதே அண்ணே."

"கடைமடைக்கு வரும்போது
குறையத்தான் செய்யும் தம்பி."

சீட்டில் முன்னூறு கழித்தான்.
காரணம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து
கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு எழுதினான்:
வெயில்.